டெஸ்மண்டை அழைத்து வரலாம், அக்கா

அன்பும் மரியாதையும் மிக்க அக்கா எர்லீனுக்கு, மார்லோ ஃபால்ஸ் நகர மேயரும் உன் தம்பியுமான வெண்டல் எழுதுவது. இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதைப் பற்றி நீ கேட்காதே, நானும் சொல்லவில்லை.

பிள்ளை டெஸ்மண்டோடு இங்கே குடிவரலாமா, அவனுக்குக் காதில் குரல்கள் கேட்கும் நாட்களில் என் ஊர்ப் போலீஸ் அவனை என்ன செய்யும் என்று கேட்டிருந்தாய். தாராளமாக வா. போலீஸைத் திருத்துகிறேன் என்றுதானே ஓட்டு வாங்கினேன், திருத்திக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. போன வாரம் நகர மன்றத்தில் ஊர்க்காரர்கள் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசலாம் என்றோம், மிசஸ் ஓடம் முதல் நிமிடத்தில் "போலீஸுக்குக் குடுக்கிற காசைப் பாதியா வெட்டுங்க" என்றார், அடுத்த நிமிடத்தில் "என் கார் கண்ணாடிய ஒடச்சுட்டுப் போயிட்டான், ஒரு போலீஸ்கூட எட்டிப் பாக்கல, நீங்கல்லாம் எதுக்கு இருக்கீங்க?" என்றார், கூட்டம் இரண்டுக்கும் கை தட்டியது, நானும் தட்டினேன்.

மனம் கலங்கியவர்கள் வீட்டுக்கு இனித் துப்பாக்கி இல்லாத மனநல ஆலோசகர்களே போவார்கள் என்று உத்தரவு போட்டேன். அவர்களை யாராவது அடித்தால் என்ன செய்வது என்று போலீஸ் சங்கம் மல்லுக்கு நின்றது, சரி, ஒரு போலீஸ் கார் அடுத்த தெருவில் கண்ணில் படாமல் நிற்கட்டும் என்றேன். முதல் நாளே அது மிசஸ் ஓடம் வாசலில் போய் நின்றது. அவர் 911 அவசர எண்ணுக்கு ஃபோன் போட்டு, "இங்க ஒரு போலீஸ் கார் பதுங்கி நிக்குது, உடனே போலீஸை அனுப்புங்க" என்றிருக்கிறார். சைரன் அலற இன்னும் இரண்டு கார்கள் வந்தன. சத்தம் கேட்டு, அடுத்த தெரு வீட்டில் ஆலோசகரோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மனிதர் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். ஆலோசகர் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து சாயங்காலம்வரை கெஞ்சினார்.

"நாங்க போகணுமா, வேணாமா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க சார்," என்றார் போலீஸ் தலைவர் ஹாலோரன். "நாளைக்கு ஒரு உசுரு போச்சுன்னா, ரெண்டு கட்சிக்காரனும் உங்க வீட்டு வாசல்லதான் வந்து நிப்பான்."

அக்கா, எனக்கே பயமாக இருக்கிறது. ஆனாலும் ஊர் பத்திரமாகத்தான் இருக்கிறது, அப்படித்தான் அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நம்பி வா.

உனக்கும் பிள்ளைக்கும் ஆண்டவர் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
வெண்டல்

பி.கு.: டெஸ்மண்டுக்கு முடியாமல் போகிற அன்று 911-ஐக் கூப்பிட்டுவிடாதே. என்னைக் கூப்பிடு. யாரையும் அனுப்ப மாட்டேன், நானே வருகிறேன்.