மரிக்கொழுந்தின் மாதிரிக் கையெழுத்து

ஒரு காட்டில், வங்கி வருவதற்கு முன்னால், அணில்கள் எல்லாம் கொட்டையை மண்ணில் புதைத்து வைக்கும். எங்கே புதைத்தோம் என்று மறந்துபோய், மழைக்காலத்தில் பட்டினி கிடக்கும். வங்கி வந்த பிறகு மறதி போயிற்று. பட்டினி மட்டும் போகவில்லை.

அந்தக் காட்டில் மரிக்கொழுந்து என்று ஒரு அணில் இருந்தாள். மூன்று குட்டிகளுக்குத் தாய். கோடை முழுக்க மரம் மரமாக ஏறி இறங்கி, இருநூறு வாதாங்கொட்டை சேர்த்து வங்கியில் போட்டிருந்தாள். அடைமழை ஓயும்வரைக்கும் நாலு வயிற்றுக்கும் அதுதான் சோறு.

முதல் தூறல் விழுந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனாள். கவுண்டரில் மந்தி உட்கார்ந்திருந்தது. லெட்ஜரைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தது.

"உன் கணக்குல ஒண்ணும் இல்லையேம்மா. போன வாரமே செக் போட்டு இருநூறையும் எடுத்திருக்கியே."

"நான் எடுக்கலீங்கம்மா."

"எடுத்திருக்கே. பாரு."

மந்தி ஒரு செக்கை நீட்டியது. மரிக்கொழுந்தின் செக் புத்தகத்தில் இருந்த கடைசித் தாள்தான். அடியில் அவள் பெயர் கையெழுத்தாக இருந்தது. 'ழு'வின் வால் மட்டும் வெடுக்கென்று ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கணக்குத் தொடங்கிய அன்றைக்குச் சின்னக் குட்டி அவள் கையைப் பிடித்துத் தொங்கியதில் வந்த இழுப்பு அது. கார்பன் வைத்துப் போட்டதால், அந்த இழுப்போடுதான் அவளுடைய மாதிரிக் கையெழுத்து வங்கியிலும் பாஸ்புக் முதல் பக்கத்திலும் பதிந்து கிடக்கிறது.

சத்தம் கேட்டு மேனேஜர் காட்டெருமை எழுந்து வந்தார். செக்கையும் மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மயிரிழை பிசகல. அப்படியே இருக்கு. இது உன் கையெழுத்துதான்."

"அன்னைக்குக் குட்டி தொங்குச்சுங்கய்யா. நான் எப்பவும் அப்படிப் போட மாட்டேன்."

"பின்ன எப்படிப் போடுவே?"

கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்றாலே மரிக்கொழுந்துக்குப் பாதிக் குரல்தான் வரும். மேனேஜர் கேட்டதும் அந்தப் பாதியும் உள்ளே போய்விட்டது. "அது... ஒவ்வொரு தடவைக்கு ஒவ்வொரு மாதிரி வரும்ங்க" என்றாள்.

மேனேஜர் மந்தியைப் பார்த்தார். மந்தி மேனேஜரைப் பார்த்தது. திருடியே வந்து ஒத்துக்கொண்ட மாதிரி இரண்டு பேர் முகத்திலும் ஒரு நிம்மதி.

"சரி, விதின்னு ஒண்ணு இருக்கு. புகார் எழுதிக் குடு. கையெழுத்து ஆய்வாளரைக் கூப்பிடுறோம்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் உள்ளே போனார்.

மரிக்கொழுந்து புகார்ப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். மந்தி அதை மாதிரியோடு ஒத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. இன்னொரு படிவம். அதுவும் சேரவில்லை. ஏழு படிவம் வீணாயிற்று. பதற்றத்தில் ஏழாவதில் 'ழு'வே வரவில்லை.

"ஒண்ணுகூட ஒத்து வரல. நீ மரிக்கொழுந்துதான்னு நான் எப்படி நம்புறது?"

"உங்க முன்னாடிதானேம்மா நிக்கிறேன்."

"நிக்கிறது யாரு வேணா நிக்கலாம். தள்ளு, பின்னாடி ஆமை எவ்வளவு நேரமா நிக்குது!"

வெளியே தூறல் விட்டு வெயில் அடித்தது. நாவல் மரத்தடியில் மரநாய் மாசிலன் உட்கார்ந்திருந்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கெல்லாம் சலான் பூர்த்தி செய்து கொடுப்பது அவன் பிழைப்பு. எல்லாரும் பாஸ்புக், செக் புத்தகம் எல்லாவற்றையும் அவன் மடியில் போட்டுவிட்டு, "நீயே பார்த்து எழுதி வைப்பா" என்று புள்ளைகளைப் பார்க்க ஓடிவிடுவார்கள். மரிக்கொழுந்தும் அப்படி ஓடினவள்தான். இன்றைக்கு அவனைச் சுற்றி வாதாம் ஓடாகக் கிடந்தது.

"டேய், இது என் கொட்டையாச்சே!"

"உன் கொட்டைதான்க்கா. நல்ல பருப்பு. ஒண்ணுகூடக் கசக்கல."

"என் கையெழுத்தை எப்படிடா போட்டே?"

"பாஸ்புக் முதல் பக்கத்தை வெயிலுக்கு நேரா பிடிச்சேன். மேல செக்கை வச்சு, தெரிஞ்ச கோட்டு மேலயே இழுத்தேன். அந்த 'ழு'தான்க்கா உசிரை வாங்கிருச்சு. மூணு தடவை பேனாவை எடுத்து எடுத்து வச்சேன்."

"உன்ன விட மாட்டேன். புகார் குடுக்கிறேன் பாரு."

"குடு. யாரு வேணாங்குறா?"

"வாங்க மாட்டேங்குறாங்களே. என் கையெழுத்து ஒத்து வரலையாம்."

"அடப் பாவமே!" மாசிலனுக்கு நிஜமாகவே வருத்தமாகப் போயிற்று. "படிவத்தை இப்படிக் குடு. நான் போட்டுத் தர்றேன். உனக்குன்னா கூலி வேணாம்க்கா."

மரிக்கொழுந்து தயங்கினாள். புகாரை வாங்கினால்தானே ஆய்வாளர் வருவார், அவர் வந்தால்தானே கொட்டை வரும் என்று குட்டிகளை நினைத்துக்கொண்டு, கையில் மிச்சமிருந்த படிவத்தையும் பாஸ்புக்கையும் நீட்டினாள். அவன் படிவத்தை வெயிலில் பிடித்தான்.

பார்த்ததும் மந்தியின் முகம் மலர்ந்தது. "முதல்லயே இப்படிப் போட்டுத் தொலைச்சிருந்தா என்னவாம்!" என்று ஓங்கி ஒரு முத்திரை குத்தியது.

ஆய்வாளர் தேவாங்கு அடுத்த மலையில் இருந்தார். தட்டு மாதிரி இரண்டு கண். கள்ளக் கையெழுத்தைக் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. நடைதான் கொஞ்சம் மெது. ஒன்பது நாள் கழித்து வந்து சேர்ந்தார். அந்த ஒன்பது நாளும் குட்டிகள் மரப்பட்டையைச் சப்பிக்கொண்டிருந்தன. அவர் செக்கையும் புகாரையும் பூதக்கண்ணாடியில் வைத்து, விளக்கைச் சாய்த்துச் சாய்த்து ஒரு பகல் முழுக்கப் பார்த்தார்.

"ரெண்டையும் போட்டது ஒரே கை" என்றார்.

மேனேஜர் கொம்பை ஆட்டினார். "முடிஞ்சுது. புகார் குடுத்தது மரிக்கொழுந்து. அதே கைதான் செக்கும் போட்டிருக்கு. ஆக, செக் போட்டதும் மரிக்கொழுந்து."

"ஆனா..."

"ஆனாவுக்குப் படிவத்துல கட்டம் இல்லைங்க."

"ரெண்டுமே பொய்க் கையெழுத்துங்க. கோடு ஓடல, நின்னு நின்னு ஊர்ந்திருக்கு. பேனா எடுத்த இடமெல்லாம் மை தேங்கி நிக்குது. மாதிரியோட நூத்துக்கு நூறு ஒத்துப் போகுது பாருங்க, அதுதான் தப்பு. உசிருள்ளவங்க யாரும் ரெண்டு தடவை ஒரே மாதிரி போட மாட்டாங்க."

"நூத்துக்கு நூறு வாங்கினதை ஃபெயில் ஆக்கச் சொல்றீங்களா?"

மரிக்கொழுந்து எங்கிருந்தோ குரலைத் தேடி எடுத்தாள். "ஐயா சொல்றது நிசம்ங்க. புகார்ல நான் போடல. மரநாய்தான் போட்டுக் குடுத்தான். செக்குலயும் அவன்தான்."

"ஓகோ! அப்ப வங்கிக்குள்ள கள்ளக் கையெழுத்தைக் கொண்டுவந்தது நீ. புகார் தள்ளுபடி. அபராதம் பத்துக் கொட்டை."

தேவாங்கு பயணப்படி ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். அதுவும் அவருடைய மாதிரியோடு ஒத்து வரவில்லை என்று திரும்பி வந்தது.

மழை பிடித்துக்கொண்டது. மரிக்கொழுந்து பொந்தில் உட்கார்ந்து பாஸ்புக்கைப் பிரித்தாள். கடைசி வரியில் அபராதப் பாக்கி பத்துக் கொட்டை. முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். அவள் கையெழுத்துக்குக் கீழே 'சரிபார்த்தேன்' என்று எழுதி, மேனேஜரும் அதே கார்பனோடு கையெழுத்துப் போட்டிருந்தார். பெரிய கையெழுத்து. சின்னக் குட்டி அழுகிற சத்தம்கூடக் காதில் விழாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மழை கொஞ்சம் வெறித்தது. மேனேஜர் சேற்றில் புரள லீவு போட்டிருந்தார். மரிக்கொழுந்து கவுண்டருக்குப் போய் ஒரு தாளை நீட்டினாள். 'அபராதம் ரத்து. மரிக்கொழுந்துக்கு இருநூறு கொட்டை உடனே கொடுக்கவும்' என்று எழுதி, கீழே மேனேஜர் கையெழுத்து இருந்தது.

மந்தி அவள் கணக்குத் தாளில் இருந்த மேனேஜர் கையெழுத்தோடு ஒத்துப் பார்த்தது. மயிரிழை பிசகவில்லை. இருநூறையும் எண்ணி வைத்துவிட்டு, "பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்துப் போடும்மா" என்றது.

மரிக்கொழுந்து பேனாவைத் தொடவில்லை. பாஸ்புக்கையும் ரசீதையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் குரல் முழுசாக வெளியே வந்தது.

"ஒரு நிமிசம் இருங்கம்மா. வெயில் இருக்கும்போதே வெளிய போய் என் கையெழுத்தைப் போட்டுட்டு வந்துர்றேன்."

"சீக்கிரம் வா" என்றது மந்தி.

அந்த மழைக்காலத்தில் மூன்று குட்டிகளும் நன்றாகக் கொழுத்தன.

நீதி: பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுக்காதீர்கள், பார்த்து இழுக்கக் கற்றுக்கொடுங்கள். போட்டது உங்களுடையது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். இழுத்ததை வங்கியே நிரூபித்துக் கொடுக்கும்.