ஏரியல் நானாவின் பலகையும் ஏறாவூர்ச் சம்பந்தியும்

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையையும் சல்லடை போட்டுத் தேடினாலும் ஏரியல் நானாவைப் போல இன்னொருவர் அகப்படமாட்டார். ஊர் முழுக்கப் போனைத் தட்டித் தட்டி விரல் தேய்ந்துகொண்டிருக்கும் இந்தக் காலத்தில், அதற்குப் போட்டியாகத் தன் வீட்டுக் கூரைக்கு மேல் ஒரு தபால் நிலையம் திறந்தவர் அவர். "எங்கட செய்தி ஆறுதலாத்தான் வரும், அவசரமெண்டா வேற இடம் பாருங்க" என்று வருகிறவர்களை விரட்டவும் செய்தார்.

காத்தான்குடியில் எரிந்த மோட்டருக்குக் கம்பி சுற்றும் கடை வைத்திருந்தார். சொந்தப் பெயரை அவர் மனைவியே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் கம்பளியும் சென்ட் போத்தலுமாக இறங்கிய காலத்தில் நானா ஒரு மொடெம் பெட்டியோடு இறங்கினாராம். "தூக்கினா பாரமா இரிந்திச்சு. தங்கமாக்கும் எண்டு நினைச்சு நானும் ரெண்டு நாள் சிரிச்ச முகமா இரிந்தன்" என்று அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் ராத்தா, இன்றைக்கும் சொல்வார்.

நான் அவரிடம் மாட்டியது ஒரு மின்விசிறியால். அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிளாக்கர் வேலை எனக்கு. கல்லடியிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு திருத்தப் போனேன். திரும்பி வரும்போது கையில் விசிறி இல்லை. அமெச்சூர் றேடியோ சோதனைக்குப் படிக்கும் புத்தகம் இருந்தது. பல்ப் மாற்றினாலே ஷொக் அடிக்கிற ஆள் நான். சோதனையில் இரண்டு தரம் கோட்டை விட்டேன். மூன்றாம் தரம் பாஸானதற்குக் காரணம் என் அறிவா, சோதனை எடுக்க வந்த கொழும்புக்காரரின் களைப்பா என்று இன்னும் தெளிவில்லை. லைசென்சும், றேடியோவில் என் பெயராக நிற்கும் அழைப்புக்குறியும் வந்த அன்று நானா என்னைக் கட்டிப்பிடித்து, "கிளாக்கர், இனி நீங்க மனிசன்" என்றார். அதுவரைக்கும் நான் என்னவாக இருந்தேன் என்று கேட்கவில்லை. விசிறி இன்னும் அவர் கடையில்தான் கிடக்கிறது.

பலகை என்று நாங்கள் சொன்னது அவருடைய அறிவித்தல் பலகையைத்தான். முன்னறையில் ஒரு பழைய கொம்பியூட்டர், அதோடு அந்த மொடெம் பெட்டி, ஒரு றேடியோ, கூரைக்கு மேல் ஒரு இரும்புக் கம்பம். நாங்கள் வீட்டிலிருந்து எங்கள் றேடியோவால் கூப்பிட்டால், வாலை மிதித்த பூனை மாதிரிப் பெட்டி ஒரு கீச்சுக் கீச்சும். பிறகு எழுத்துகள் திரையில் ஒவ்வொன்றாக வந்து உட்காரும். "அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம், ஆயுபோவன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்" என்று முதல் வரி வரும். உள்ளே போனால் ஊர் அறிவித்தல்களை வாசிக்கலாம், இன்னொருவருக்குக் கடிதம் எழுதி வைக்கலாம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்க முடியும். மற்றவர் வெளியே காத்திருக்க வேண்டியதுதான், சலூனில் மாதிரி.

யாராவது பலகைக்குள் வந்தால் பக்கத்து வீட்டு வாசல் மணி தானாக அடிக்கும். அது ஏன் என்று விஞ்ஞானம்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு மாமி முதலில் சண்டைக்கு வந்தார். பிறகு பழகிவிட்டார். மணி அடித்தால் கதவைத் திறக்காமலே, "நானா, உங்கட பலகைக்கு ஆள் வந்திரிக்கி" என்று மதிலுக்கு மேலால் குரல் கொடுப்பார்.

நானாவிடம் இருந்த சட்டங்களில் பெரிய சட்டம் ஒன்று: வியாபாரம் கூடாது. அமெச்சூர் றேடியோ லைசென்ஸ் பொழுதுபோக்குக்குத் தருவது. அதில் ஒரு சாமானும் விற்க முடியாது. இது உலகம் முழுக்க உள்ள சட்டம்தான். ஆனால் உலகம் முழுக்க அதை நானா மாதிரி ஒருவரும் காவல் காத்திருக்கமாட்டார்கள்.

இதில் அதிகம் அடிபட்டவர் போடியார். கொக்கட்டிச்சோலைப் பக்கம் பெரிய வயற்காரர். வயல் வட்டையில் காவலுக்கு வரும் ஆட்களோடு பேச என்று றேடியோ பழகி, கடைசியில் பலகைக்கு அடிமையானவர். அவருக்குப் பழைய ட்ரக்டர் ஒன்றைத் தள்ளிவிட வேண்டியிருந்தது. "என் ட்ரக்டர் நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதினார். அழிக்கப்பட்டது. "என் ட்ரக்டர் புது எசமான் ஒருவரைக் கனவு காண்கிறது" என்று எழுதினார். அதுவும் போயிற்று. கடைசியில், "என் ட்ரக்டருக்குச் சுகமில்லை, பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம்" என்றார். சுகதுக்கம் விசாரிப்பதற்குச் சட்டத்தில் இடம் உண்டு என்று நானா அதை விட்டுவிட்டார். ட்ரக்டரைப் பார்க்க ஒருவரும் போகவில்லை. நான் மட்டும் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனேன்.

இப்படிச் சந்தோசமாகப் போய்க்கொண்டிருந்த பலகைக்கு நானாவின் மகளின் கல்யாணத்தால் கண்டம் வந்தது.

எங்கள் பகுதியில் மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு மகளுக்கு. தமிழர், முஸ்லிம்கள் இரண்டு பக்கமும் அதுதான் வழக்கம். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து முன்னறையில் இறங்குவார். பெற்றோர் பின்னறைக்கு ஒதுங்குவார்கள். ஆகவே மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்ப்பதைவிட வீடு பார்ப்பதற்குத்தான் அதிக நேரம் எடுப்பார்கள். மாப்பிள்ளை கட்டாரில். அவருடைய வாப்பா ஏறாவூரில் புடைவைக் கடை வைத்திருக்கும் ஹாஜியார். அவர் வீடு பார்க்க வந்த அன்று நானும் அங்கே பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தேன்.

வீடு காட்டுவது எப்படி என்று நானாவுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "இந்தச் சுவரில வெடிப்பு இரிக்கி, ஹாஜியார். மாரியில ஒழுகும். இந்த யன்னல் பூட்டாது. அந்தக் கிணத்துத் தண்ணி கோடையில கொஞ்சம் உப்பு" என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போனார். பின்னால் நின்ற ராத்தா, தலையில் போட்டிருந்த முக்காட்டை வாய்க்குள் அடைத்துக்கொண்டார்.

ஹாஜியார் எல்லாவற்றையும் பொறுத்தார். முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தபோதுதான் முகம் மாறியது.

"இதென்ன, இந்தக் கம்பம்?"

"அதுதான் என்ட ஏரியல்."

"கதிர் அடிக்குமாமே. பேரப்புள்ள பொறக்காதாம்."

"அதுக்குக் கீழதான் ஹாஜியார் எனக்கு நாலு புள்ள."

"அது உங்களுக்கு. கம்பத்த இறக்குங்க, மத்தத நாம பேசிக்கலாம்."

மகளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. நானாவுக்கு அது தெரியும். அவர் மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை, எங்களிடமும் யோசனை கேட்கவில்லை. அன்று பின்னேரமே பலகையில் அறிவித்தல் வந்துவிட்டது: "வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கம்பம் இறங்கும். எழுத வேண்டியவர்கள் எழுதிக்கொள்ளவும். இதுவரை வந்து போனவர்களுக்கு நன்றி."

அதை வாசித்துவிட்டுப் போடியார் எனக்குப் போன் எடுத்தார். பலகையை விட்டு அவர் போன் எடுத்ததே விசயம் எவ்வளவு பெரிது என்பதற்குச் சாட்சி. "தம்பி, இந்த மனிசன் கம்பத்த இறக்கினா மறுகா என்ன செய்யிற? படுத்திருவார். வா மனே, ஏறாவூருக்குப் போவம்."

போனோம். போடியாருடைய மோட்டர் சைக்கிளில், நான் பின்னால் பையில் லப்டொப், றேடியோ, என் மொடெம் பெட்டியோடு, தூண்டில் தடி மாதிரி ஒரு ஏரியலைப் பிடித்துக்கொண்டு. வழியில் இரண்டு பேர் எங்களிடம் மீன் விலை கேட்டார்கள்.

ஹாஜியார் கடையில், இடுப்பில் கட்டும் சாரங்களின் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் வந்த காரணத்தைச் சொன்னதும், "சரி, அது என்னதான் செய்யிது எண்டு காட்டுங்க" என்றார். கடைக்குள் றேடியோ எடுபடவில்லை. மொட்டை மாடிக்கு ஏறினோம். லப்டொப்பை ஒரு சாரக் கட்டின் மேல் வைத்தேன். வெயிலில் திரை தெரியாமல், ஹாஜியார் புதுச் சாரம் ஒன்றை உதறி என் தலைக்கு மேல் பிடித்தார். போடியார் தடியைப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நின்றார். பெட்டி கீச்சியது. எழுத்துகள் வந்தன.

"இதுக்கு மாசம் எவ்வளவு கட்டணும்?" ஹாஜியார் கேட்டார்.

"ஒண்டும் இல்ல ஹாஜியார். சும்மா."

"காசில்லாம ஒரு சாமான் ஓடுதெண்டா எங்கயோ பிழை இரிக்கி." ஆனாலும் அவர் கண் திரையை விட்டு அகலவில்லை. "நான் சொல்றத இதில எழுதுவீங்களா? சம்பந்திக்குப் போகுமா?"

அந்த நேரத்தில் அவர் என் சொத்தை எழுதிக் கேட்டிருந்தாலும் எழுதிக் கொடுத்திருப்பேன். "சொல்லுங்க ஹாஜியார்" என்றேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "பெருநாளைக்குப் புதுச் சாரம் வந்திறங்கியிருக்கிறது. கெட்டிச் சாயம். அனைவரும் வருக. இப்படிக்கு, உங்கள் சம்பந்தியாகப் போகிறவர்."

"தம்பி, அது வியாபாரம்" என்று போடியார் தடிக்குப் பின்னாலிருந்து முணுமுணுத்தார். எனக்குக் கேட்டது. ஆனால் சம்பந்தி எழுதுகிறார், நானா கண்ணை மூடிக்கொள்வார் என்று நினைத்தேன். அழுத்தினேன். போய்விட்டது.

பிறகு ஒரு வரி வந்தது. "அறிவித்தல் அழிக்கப்பட்டது. காரணம்: வியாபாரம்." அதன் கீழே இன்னொரு வரி. "உங்கட அழைப்புக்குறியில வந்தால் அது உங்கட வாய். கிளாக்கருக்குப் பலகையில் தடை."

சாரம் மெல்ல என் தலையில் இறங்கியது. அதற்குள் இருந்தபடியே ஹாஜியாரின் குரலைக் கேட்டேன்.

"சம்பந்தி எண்டு அதில இரிந்திச்சா?"

"இரிந்திச்சு ஹாஜியார்."

"நான்தான் எண்டு தெரிஞ்சுதான் அழிச்சாரா?"

"ஓம்" என்றார் போடியார். சொல்லிவிட்டு, தடியை மடித்துக்கொண்டு படிப் பக்கம் நகர்ந்தார். கல்யாணமும் போயிற்று, கம்பமும் போயிற்று, இரண்டையும் ஒரே அழுத்தில் முடித்தவன் நான் என்று எனக்கு வியர்த்தது.

ஹாஜியார் சாரத்தை என் தலையிலிருந்து எடுத்து, மடிப்புக் குலையாமல் மடித்தார்.

"வீடு காட்டேக்க இந்த மனிசன் வெடிப்பு, ஒழுக்கு, உப்புத் தண்ணி எல்லாம் தானாச் சொன்னவர். எனக்கு அண்டைக்கு நித்திர இல்ல. இவ்வளவையும் சொல்றாரெண்டா இதவிடப் பெரிய நோய் ஒண்ட மறைக்கிறார் எண்டு நினைச்சன்." திரையைப் பார்த்தார். "இல்ல. ஆளே இப்படித்தான். இனிமே எனக்குப் பயமில்ல. கம்பம் நிக்கட்டும்."

நாங்கள் படியிறங்கும்போது பின்னால் குரல் வந்தது. "ஆனா மாப்பிள்ள அறைக்கு மேல வேணாம். குசினிக்கு மேல நட்டுக்கச் சொல்லுங்க."

காத்தான்குடிக்கு வந்து சேர்ந்தபோது நானா கூரையில், ஸ்பானரும் கையுமாக, துருப்பிடித்த நட்டுகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை இலகுவாகக் கழலட்டும் என்றுதானாம். கீழே நின்றே செய்தியைச் சொன்னோம். அவர் ஸ்பானரைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், பிறகு எண்ணெய்ப் போத்தலை மூடினார். இறங்கி நேரே கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"நல்லம்" என்றார். "கிளாக்கர், உங்கட தடை தடைதான்."

"அதாலதானே நானா கம்பமே நிக்குது."

"அதாலதான் எடுக்கேலா. இப்ப எடுத்தா சம்பந்தி சிபாரிசு எண்டு ஊர் சொல்லும். கலியாணம் முடியட்டும்."

கம்பம் சமையல் குசினிக்கு மேல் போயிற்று. நானாவும் ராத்தாவும் கொம்பியூட்டரோடு அதற்குப் பக்கத்துப் பின்னறைக்குப் போனார்கள். நான் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து கடைக்குப் போனேன். எதிரெதிரே உட்கார்ந்து பிளேன்ரீ குடித்தோம். மழையைப் பற்றிப் பேசினோம், என் விசிறியைப் பற்றி அவர் பேசவிடவில்லை. தடையைப் பற்றி ஒரு சொல் இல்லை. கல்யாணச் சாப்பாட்டில் போடியாரோடும் என்னோடும் ஒரே சஹன் தட்டில் உட்கார்ந்து, இறைச்சித் துண்டுகளை என் பக்கமாகவே தள்ளிக்கொண்டிருந்தார். அப்போதும் இல்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் பயந்து பயந்து கூப்பிட்டுப் பார்த்தேன். பலகை என்னை உள்ளே விட்டது. எனக்குக் கடிதங்கள் காத்திருந்தன. எல்லாம் நானா எழுதியவை. நான் வாசிக்க முடியாது என்று தெரிந்துகொண்டே, தடை போட்ட மனிதர் ஒவ்வொரு நாளும் எழுதி வைத்திருக்கிறார்.

"கிளாக்கர், மனசு நோக வேணாம். சட்டமெண்டா முதல்ல கூட்டாளிக்குத்தான்."

"இண்டைக்குப் பலகைக்கு ஒருத்தரும் வரல்ல. நீங்க வந்து போற நேரத்தில பெட்டிய ஒருக்கா திறந்து பாத்தன்."

"கம்பத்த இறக்கேக்க துருப்பிடிச்ச நட்டு ஒண்ட மடியில கட்டி வெச்சன். திரும்ப நட்ட பொறகும் அத எறியல்ல. ராத்தாட்டச் சொல்லல்ல."

கடைசிக் கடிதம் கல்யாணத்தன்று. "மகள் சிரிச்சுக்கிட்டு இரிந்தா. எல்லாரும் போன பொறகு பின்னறையில ரெண்டு பேரும் தனிய இரிந்தம். ஒருத்தருக்கு எழுதணும் போல இரிந்திச்சு. உங்களுக்கு எழுதினன்."

போன மாதம் எனக்குப் பதவி உயர்வோடு கொழும்புக்கு மாற்றம் வந்தது. எவ்வளவு உயரத்தில் ஏரியல் கட்டினாலும் கொழும்பிலிருந்து அந்தக் குசினிக் கூரைக்கு எட்டாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள். குடும்பம் என்றேன். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது அலுவலகம் முழுக்கத் தெரியும். ஆனாலும் ஒருவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.