பத்து நாள் தீர்மானம்

மேல் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை எழுத்தர் மூன்று முறை படித்தார். ஒவ்வொரு முறையும் அதில் அதேதான் எழுதியிருந்தது.

'தங்கள் ஊராட்சியின் மூன்றாம் தீர்மானம் பரிசீலிக்கப்பட்டு ஏற்கப்படுகிறது. உறவினர் வீட்டில் எவரும் பத்து நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்பதை உடனே நடைமுறைப்படுத்தி, ஒரு மாதத்துக்குள் அறிக்கை அனுப்பவும்.'

அவருக்குத் தெரிந்து மூன்றாம் தீர்மானம், பள்ளிக்கூடத் தெருவில் உடைந்துபோன தண்ணீர்க் குழாயைச் சரிசெய்வது. பீரோவைத் திறந்து தீர்மானப் புத்தகத்தை எடுத்தார். ஒன்று, தெருவிளக்கு. இரண்டு, சாக்கடை அடைப்பு. மூன்று, 'உறவினர் வீட்டில் எவரும் பத்து நாளுக்கு மேல் தங்கக் கூடாது என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' குழாயைக் காணோம். எழுத்து சந்தேகத்துக்கு இடமில்லாமல் அவருடையது. கீழே தலைவர் முதல் கடைசி உறுப்பினர்வரை ஏழு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

ஏழு பேரும் எப்படிப் போட்டார்கள் என்று கேட்கலாம். அந்த ஊராட்சியில் கூட்டம் நடப்பதில்லை. நடந்ததாக எழுதுவதுதான் நடக்கும். மாதக் கடைசியில் எழுத்தர் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், விவாதம் எவ்வளவு நேரம் நடந்தது என்பதையெல்லாம் தாமே யோசித்து எழுதுவார். மறுநாள் புத்தகம் வீடு வீடாகப் போகும். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி இருக்கும். உறுப்பினர்கள் குறியைப் பார்ப்பார்கள், போடுவார்கள், புத்தகத்தை மூடுவார்கள். ஆறு வருஷமாக ஒரு தகராறும் இல்லை.

அந்த மாதம் அவர் எழுதிக்கொண்டிருந்தபோது மனைவி எதிரே வந்து நின்று, "தம்பி இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டுமே. உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டாள். தம்பி, அதாவது அவருடைய மைத்துனன், இரண்டு நாள் தங்கிப் போகிறேன் என்று ஒரு கைப்பையோடு வந்தவன். வந்து எட்டு மாதம். எழுத்தரின் நாற்காலி, எழுத்தரின் செய்தித்தாள், எழுத்தரின் மின்விசிறி எல்லாம் இப்போது அவன் வசம். சொல்ல வந்ததை எழுத்தர் வாய்க்குள்ளேயே மென்று விழுங்கினார். வாய் அடங்கியதே தவிர, கை அடங்கவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

வேலை போவதுகூடப் பெரிதில்லை. இந்த வரியை எழுதியது யார் என்று மனைவிக்குத் தெரிந்தால், அப்புறம் அவர் அந்த வீட்டில் குடியிருக்க முடியாது. புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு தலைவரைப் பார்க்க ஓடினார்.

தலைவர் மாவு மில் வைத்திருந்தார். புருவம்வரை மாவு.

"தலைவரே, ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. மூணாவது தீர்மானத்தை ரத்து பண்ணிடலாம்."

"எந்த மூணாவது?"

எழுத்தர் விரித்துக் காட்டினார். தலைவர் படித்தார். அதை அவர் இப்போதுதான் முதல் தடவையாகப் படிக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இதுல என்ன தப்பு?"

"இல்ல, நீங்க படிக்காம போட்டிருப்பீங்க..."

அங்கேதான் எழுத்தர் சொதப்பினார். மாவு அரைக்க வந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு படிக்காம போட்டது? ஒரு எழுத்து விடாம படிச்சுட்டுத்தான் போட்டேன். இதைப் பத்தி அரை மணி நேரம் பேசியிருக்கேன்."

"எங்க பேசினீங்க?"

"கூட்டத்துல."

"கூட்டமே நடக்கலையே."

"நடந்துச்சுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க."

எழுத்தர் புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டார். உறுப்பினர்களிலேயே விவரமானவர் தையல்கடைக்கார அம்மா, அவரிடம் போனார். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துவிட்டு, "இதை முன்மொழிஞ்சதே நான்தான். என் பேரு போட்டிருக்கு பாருங்க" என்றார். இந்த மாதம் உங்கள் முறை என்று பெயர் போட்டவர் எழுத்தர்தான். ஆனால் அதைச் சொன்னால் ஆறு வருஷத்துக் கூட்டங்களும் சந்திக்கு வந்துவிடும்.

வேறு வழியில்லாமல் நிஜமாகவே ஒரு கூட்டத்தைக் கூட்டினார். கூட்டம் எங்கே நடக்கும் என்று இரண்டு உறுப்பினர்கள் வழியில் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். ஏழு பேருக்கு நாலு நாற்காலிதான் இருந்தது. ரத்து செய்வது பற்றிப் பேசலாம் என்று எழுத்தர் ஆரம்பித்தார். ஆனால் ஊருக்குள் விஷயம் பரவி, ஜன்னலில் பத்துத் தலைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அத்தனை பேருக்கு முன்னால், படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று யார் ஒப்புக்கொள்வார்கள்?

"காலையில வந்தா அன்னிக்கே ஒரு நாளா கணக்கு, இல்ல மறுநாள்லேருந்தா?" என்று பால்காரர் கேட்டார்.

"மாமியாரும் உறவினர்தானே?" என்று ஆர்வமாகக் கேட்டார் இன்னொருவர். ஜன்னலில் அவருடைய மனைவியின் தலையும் இருந்ததால், கேள்வியை உடனே வாபஸ் வாங்கிக்கொண்டார்.

"யாரு எப்ப வந்தாங்கன்னு தெரியணுமே. ஒரு பதிவேடு போடணும்" என்றார் தையல்கடைக்கார அம்மா.

"போட்டுடுவோம். எழுத்தர் பார்த்துக்குவார்" என்றார் தலைவர்.

ரத்து என்ற சொல்லை எழுத்தர் மூன்று தரம் சொன்னார். யார் காதிலும் விழவில்லை. வாசலில் காலிக் குடத்தோடு நின்ற பள்ளிக்கூடத் தெருப் பெண், "அந்தக் குழாய் என்னாச்சு?" என்று கேட்டது மட்டும் எல்லார் காதிலும் விழுந்தது. உடனே தலைவர் கூட்டம் முடிந்தது என்றார்.

வீட்டில் மனைவி காத்துக்கொண்டிருந்தாள்.

"எவன் எழுதினான் அந்தத் தீர்மானத்தை?"

"தீர்மானத்தை ஒருத்தர் எழுத முடியுமா? உறுப்பினர்கள் எல்லாம் கூடி ஏகமனதா..."

"எழுதுறது நீங்கதானே?"

"அவங்க சொல்றதை எழுதுறேன். என் வேலை அதுதானே?"

மனைவி அவரை உற்றுப் பார்த்தாள். மைத்துனன் நாற்காலியில் சாய்ந்தபடியே, "விடுக்கா, மாமா பாவம். அவர் என்ன பண்ணுவார்?" என்றான். அந்த ஆதரவுதான் எழுத்தருக்குத் தாங்க முடியவில்லை.

அடுத்த வாரம் அலுவலகத்தில் உட்கார இடமில்லை. தீர்மானம் எதற்காவது பயன்படும் என்று ஊர் கண்டுபிடித்துவிட்டது. ஒருவர் சித்தப்பாவை அனுப்ப மனு கொடுத்தார். சித்தப்பாவும் வந்து, அந்த வீட்டில் நான் தங்கவே இல்லை, திண்டாடிக்கொண்டிருக்கிறேன் என்று எதிர்மனு கொடுத்தார். ஒரு அம்மா தம் நாத்தனாருக்குப் பத்து நாள் அதிகம், நாலாகக் குறைக்க முடியுமா என்று கேட்டார். வேறொருவர் தம் வீட்டுக்கு யாருமே வருவதில்லை என்று புகார் எழுதி, பத்து நாளுக்காவது யாரையாவது அனுப்பி வைக்கும்படி கேட்டிருந்தார். எழுத்தர் எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்றினார். விரல் வீங்கியதுதான் மிச்சம்.

குடத்துப் பெண் தினமும் வந்தாள்.

"குழாய்க்கு மனு குடுத்து மூணு மாசம் ஆகுதுங்க."

"அதைச் சரிபண்ணணும்னா தீர்மானம் வேணும்மா."

"போடுறதுதானே?"

"போட்டேன். அது வேற தீர்மானமா ஆயிடுச்சு."

அவள் அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

பதிவேடு தொடங்கிய நாளிலிருந்து எண்ணி, பத்தாம் நாள் வந்தது. எழுத்தர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அன்று காலை அவர் மனதுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் இருக்கத்தான் செய்தது. வந்தது வந்துவிட்டது, மைத்துனனாவது கிளம்புவான். மைத்துனனும் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அக்காவிடம் சொல்லிக்கொண்டான். மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினான். எழுத்தர் அவசரமாகத் தம் நாற்காலியில் உட்கார்ந்து, செய்தித்தாளை விரித்தார். முதல் பக்கத்தை முடிப்பதற்குள் மைத்துனன் திரும்பி வந்துவிட்டான்.

"என்ன மச்சான், எதையாவது மறந்துட்டியா?"

"இல்ல மாமா. எதிர்வீட்டுல போய் ஒரு டீ குடிச்சேன். இன்னிலேருந்து மறுபடி ஒண்ணாம் நாள். பதிவேட்டுல ஏத்திக்குங்க."

இந்தச் சூட்சுமம் மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பரவியது. பத்து நாள் முடிந்த விருந்தாளிகள் எல்லாம் பையோடு எதிர்வீட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தார்கள். எதிர்வீட்டு விருந்தாளிகள் இந்த வீட்டுக்கு வந்தார்கள். போனதற்கு ஒரு பதிவு, வந்ததற்கு ஒரு பதிவு. எழுத்தர் ஒரு நாளில் முப்பத்தெட்டுப் பதிவு எழுதினார். அதில் அவருடைய சொந்த நாற்காலி பறிபோனதும் ஒன்று.

அவருடைய பொறுமை அன்றோடு போயிற்று. இத்தனை நாள் அவர் தீர்மானத்தை அழிக்கப் பார்த்தார். இப்போது அதை ஓட்டையில்லாமல் அடைக்கப் பார்த்தார். யார் எழுதினார் என்பது வெளியே வராமல், சட்டப்படி, தம் கையில் கறை படாமல் மைத்துனனை அனுப்பிவிட முடியும் என்றால் எதற்கு விட வேண்டும்? சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, இம்முறை ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்து ஒரு திருத்தம் எழுதினார்.

'வீட்டுப் பதிவேட்டில் பெயர் உள்ள உரிமையாளர், அவருடைய மனைவி அல்லது கணவர், அவருடைய ரத்த உறவினர் தவிர, வேறு எவரும் அந்த வீட்டில் பத்து நாளுக்கு மேல் தங்கக் கூடாது. ஏற்கெனவே தங்கியிருப்பவர் உடனே வெளியேற வேண்டும். வெளியேறியவர் ஒரு வருஷத்துக்குத் திரும்பி வரக் கூடாது.'

எழுதி முடித்ததும் விரல்விட்டுச் சரிபார்த்தார். உரிமையாளர், தாம். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் மாமனார் சாவியைக் கையில் கொடுத்து, "இனிமே இது உங்க வீடு மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். மனைவி, உரிமையாளரின் மனைவி. பிள்ளைகள், உரிமையாளரின் ரத்தம். மைத்துனன்? மனைவிக்குத்தான் ரத்தம், தமக்கு இல்லை. எழுத்தருக்கு அன்று ராத்திரி நல்ல தூக்கம் வந்தது.

மறுநாள் பென்சில் குறி போட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒரே காலையில் ஏழு கையெழுத்தும் விழுந்தன. யாரும் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. நல்ல பழக்கம் ஒன்று திரும்பி வந்ததில் அவருக்கு மனம் நிறைந்தது.

நோட்டீஸ் எழுதிக் கொடுக்கும் வேலையை வீட்டுவரி வசூல்காரரிடம் ஒப்படைத்தார். வீட்டுப் பதிவேடு அவர் பொறுப்பில்தான் இருந்தது. எழுத்தர் அதைத் தொட்டதில்லை. வசூல்காரர் அதிகம் பேசாத மனிதர். கொடுத்த வேலையைக் கொடுத்தபடி செய்வார்.

"எந்தத் தெருவுலேருந்து ஆரம்பிக்கட்டும் சார்?"

"என் வீட்டுலேருந்தே ஆரம்பிங்க. நாளைக்கு ஊர்ல ஒரு சொல் வரக் கூடாது பாருங்க."

"உங்க வீட்டுலயா?"

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். பதிவேட்டுல என்ன இருக்கோ அப்படியே எழுதுங்க. எனக்காகத் தயவு பார்க்காதீங்க."

வசூல்காரர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையாட்டிவிட்டுப் போனார். இப்படி ஒரு நேர்மையானவரை அவர் பார்த்ததில்லை என்று எழுத்தர் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை வசூல்காரர் வந்தபோது வாசலில் அக்கம்பக்கம் எல்லாம் கூடிவிட்டது. தலைவரும் மாவைத் தட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"என் தம்பியை வீட்டை விட்டுத் துரத்துறாங்களே, பார்த்துக்கிட்டு நிக்கிறீங்களே."

"நான் என்ன பண்ணட்டும்? என் கையிலயா இருக்கு?" என்றார் எழுத்தர். குரலைச் சோகமாக வைத்துக்கொள்ள ரொம்பச் சிரமப்பட்டார். "என் அப்பாவா இருந்தாலும் இதேதான். ஏழு பேர் ஏகமனதா எடுத்த முடிவு. அதுக்கு நாம தலைவணங்கணும்."

தலைவர் பெருமையோடு தலையாட்டினார். "நல்லா விவாதிச்சு எடுத்த முடிவும்மா" என்றார்.

மைத்துனன் நாற்காலியிலிருந்து தானாகவே எழுந்தான். உள்ளே போய்க் கைப்பையில் துணிகளைத் திணித்துக்கொண்டு வந்தான். அவன் முகத்தைப் பார்க்க எழுத்தருக்கே ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. ஒரு கணம்தான்.

"வருத்தப்படாதே மச்சான்" என்று தோளில் தட்டினார். "ஒரு வருஷம்தானே, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிடும். வெளியில இருந்தாத்தான் மனுஷனுக்குப் பொறுப்பு வரும். எங்க, நோட்டீஸை வாங்கிக்க."

மைத்துனன் கையை நீட்டினான். வசூல்காரர் அவனைத் தாண்டி வந்து எழுத்தரிடம் காகிதத்தை நீட்டினார்.

"உங்களுக்குத்தான் சார், உங்க மாமனார் வீட்டை மகன் பேர்லதான் எழுதி வச்சிருக்கார்."