ஹூஸ்டன் அண்ணையின் அடுப்பு

டென்மார்க்கின் பிரெடெரிசியாவில் வாழ்ந்த தமிழர்களிலேயே, சந்திரனுக்குப் போகாத ஒரு குறையைத் தவிர, விண்வெளி வீரருக்குரிய எல்லாத் தகுதியும் உள்ளவர் ஹூஸ்டன் அண்ணை ஒருவர்தான். தொலைபேசியை எடுத்தால் ஹலோ சொல்லமாட்டார். அமெரிக்க வீரர்கள் வானத்திலிருந்து கதைத்த தரைநிலையத்தின் ஊரைச் சொல்வார்: "ஹூஸ்டன்."

எனக்கு நேர் மேல்வீடு. ஆறு வருடத்தில் ஒருநாளும் எனக்குக் காலை வணக்கம் சொன்னதில்லை. ஐந்து ஐம்பதுக்குப் படியில் நின்று கேட்பார்.

"அடுப்பு?"

"நிப்பாட்டியாச்சு."

"யன்னல்?"

"பூட்டியாச்சு."

"திறப்பு?"

"பொக்கற்றுக்குள்ளை. வாங்கோ அண்ணை, பஸ் போகப்போகுது."

"அவசரப்பட்ட ஒருத்தரும் சந்திரனிலை இறங்கேல்லை."

எந்த அப்பல்லோவில் யார் எந்த இருக்கையில் இருந்தார் என்பது அவருக்கு மனப்பாடம். வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஒரே கேள்விதான். இருவர் இறங்கி நடந்தபோது, மேலே தனியாகச் சுற்றிக்கொண்டிருந்த மூன்றாவது ஆள் யார்? தெரியாதவருக்குச் சீனியில்லாத தேநீர்.

"கொடி நட்டவனை எல்லாருக்கும் தெரியும். காத்திருந்தவனை ஆருக்குத் தெரியும்?"

அவர் மனைவி யாழ்ப்பாணத்தில் இருந்தா. கல்யாணமாகிப் பன்னிரண்டாம் நாள் பிரிந்தவர்கள். விசா இரண்டு முறை மறுக்கப்பட்டிருந்தது. ஞாயிறு இரண்டு மணிக்கு வீடியோவில் கதைப்பார்கள். ஒருநாள் நான் பக்கத்தில் இருக்கும்போதே இணைப்பு அறுந்தது.

"இன்னொருக்கா எடுங்கோவன்."

"வேண்டாம். சந்திரனுக்குப் பின்பக்கம் போனா முக்கால் மணித்தியாலம் ஒரு சத்தமும் கேளாது. பிறகு வரும்."

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு இருந்தார். அன்றைக்கு வரவில்லை. அவருடைய தேநீரில் ஆடை கட்டியிருந்தது.

பிரிந்த நான்காம் வருடம் விசா கிடைத்தது. கடலில் விழுந்த வீரர்களைக் கப்பல் விட்டு எடுத்தது போல, ஹூஸ்டன் அண்ணை மீட்புக்குழு அமைத்தார். ஐந்து பேர், இரண்டு கார், இருபத்துமூன்று அம்சப் பட்டியல், பில்லுண்ட் விமானநிலையத்தில் இரண்டு ஒத்திகை. நாட்குறிப்பு எழுதுகிறவன் என்பதால் பதிவேடு என் கையில்.

14:37. அண்ணி கதவால் வெளியே வந்தா. ஹூஸ்டன் அண்ணை அசையவில்லை. நான் மெல்ல வாசித்துக் கொடுத்தேன்: "பதினேழு. சுகம் விசாரித்தல்."

அவர் பட்டியலில் விரல் வைத்துப் பதினேழைத் தேடினார்.

அண்ணி அவர் கையிலிருந்த பட்டியலை வாங்கி நாலாக மடித்து, தன் கைப்பைக்குள் வைத்தா.

"அடுப்பை நிப்பாட்டிப்போட்டோ வந்தனீங்கள்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். அன்று காலை படியில் அவர் ஒன்றுமே கேட்கவில்லை.

"தெரியேல்லை," என்றார்.

திரும்பி வந்தபோது புகையெச்சரிக்கை மணி கட்டடம் முழுக்க அலறிக்கொண்டிருந்தது. புதுவீட்டுக்கு வருகிறவவுக்குப் பால் காய்ச்ச வேண்டுமே என்று, மனிதர் அதற்கும் காலையில் ஒத்திகை பார்த்திருக்கிறார். சட்டி கரியாகிக் கிடந்தது.

"இந்த மூளையோடையோ சந்திரனுக்குப் போக நிண்டனீங்கள்?" அண்ணி சிரித்தா. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர் மட்டும் அந்தக் கரிச்சட்டியைப் பிடித்தபடி அழுதுகொண்டு நின்றார்.

அண்ணிக்கு ஓகூஸ் நகரில் வேலை கிடைத்து, இருவரும் குடிபெயர்ந்து பதினான்கு மாதமாகிறது. மேல்வீட்டில் இப்போது ஒரு டேனிஷ் தம்பதி. மிகவும் மரியாதையானவர்கள், தவறாமல் காலை வணக்கம் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஐந்து ஐம்பதுக்குக் கதவைப் பூட்டிவிட்டுப் படியில் கொஞ்சநேரம் நிற்கிறேன். அடுப்பு நிறுத்தியாயிற்று என்று எனக்குத் தெரியும். யாராவது கேட்டால்தான் புறப்படலாம் போலிருக்கிறது.