கருப்பியைப் பஞ்சாரத்தில் அடைத்த கதை

என் வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் அடி தாங்காமல் ஓடியிருக்கிறேன். அடித்தது ஒரு கோழி. அதன் எடை இரண்டு கிலோ இருக்கும். என் எடை அப்போது எழுபத்தெட்டு. (இந்த எடை விவரத்தை என் மனைவி போகிற இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதனால் நானே முந்திக்கொண்டேன்.)

நான் சேலத்துக்காரன். வீட்டிலிருந்தபடியே பெங்களூர் கம்பெனி ஒன்றுக்குக் கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவன். மனைவி வேணி கோவில்பட்டியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். கல்யாணமானதிலிருந்து அங்கேயே குடியிருந்தோம். மாமனார் வீடு பசுவந்தனைக்குப் பக்கத்தில். மாமா கரிசல் காட்டில் உளுந்தும் மிளகாயும் போடுகிறவர். பேச ஆரம்பித்தால், மழை ஏமாற்றிய வருடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்காமல் விடமாட்டார். அத்தை அதற்கு நேர்மாறு. கல்யாணமாகி மூன்று வருடமாகியும் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கோபமெல்லாம் கிடையாது. மரியாதைதான். அவர்கள் குடும்பத்தில் மாமியார் மருமகனிடம் நேருக்கு நேர் பேசுவது வழக்கமில்லை. நான் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். இரண்டடி தூரத்தில், கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

"ஏட்டி வேணி, மருமவனுக்கு இன்னும் ரெண்டு தோசை வேணுமான்னு கேளு."

வேணி என் பக்கம் திரும்பி, "வேணுமா?" என்பாள்.

"போதும்னு சொல்லு."

"போதுமாம்மா."

"ஏன் போதுங்காவ? சட்னி உறைக்கோ என்னமோ, கேளு."

வெளிநாட்டு மந்திரிகள் சந்தித்துக்கொள்வது போல ஒவ்வொரு தோசைக்கும் இப்படி ஒரு பேச்சுவார்த்தை நடக்கும். நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போதே என் அம்மா போய்விட்டாள். கல்யாணம் நிச்சயமானபோது, மாமியார் என்று ஒருத்தர் வரப்போகிறார், அவரை அம்மா மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் தனியாக உட்கார்ந்து கற்பனை பண்ணியிருந்தேன். கிடைத்தது என்னவோ கதவுக்குப் பின்னால் ஒரு குரல்தான்.

அந்த மாசி மாதம் வேணியின் அக்காவுக்குத் திருநெல்வேலியில் பிரசவம். அத்தையும் மாமாவும் இரண்டு வாரம் அங்கே போய் இருக்க வேண்டியதாயிற்று. ஊர் வீட்டையும் கோழிகளையும் நாங்கள் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. வேணி தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருவாள். நான் வீட்டில் இருப்பேன். புறப்படும்போது அத்தை வாசலில் நின்று வேணியிடம் சொன்னார்: "மருமவன் ஒண்ணுஞ் செய்யாண்டாம். காலையில தீனியப் போட்டுத் தண்ணி வச்சாப் போதும்னு சொல்லு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் கெட்ட நேரம், எனக்கு அத்தையை அசத்த வேண்டும் என்று தோன்றியது.

வீட்டில் ஐந்து பெட்டைக் கோழிகள், ஒரு சேவல். சேவல் பேருக்குத்தான் தலைவர். (மாமா இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் சொல்கிறேன், அந்த வீட்டில் அது வழக்கம்தான்.) ஆட்சி நடத்தியது கருப்பி. உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தில் மட்டும் கொஞ்சம் பொன்னிறம். அவள் தின்று முடித்து நகர்ந்த பிறகுதான் மற்றதெல்லாம் தட்டுக்குப் பக்கத்தில் வரும். அத்தை திரும்பி வரும்போது அந்தக் கூட்டத்தில் புதிதாக ஒரு கோழி நின்றால் எப்படியிருக்கும்! சந்தைக்குப் போய் தும்பைப் பூ மாதிரி வெள்ளையாக ஒரு வெடக்கோழி வாங்கி வந்தேன். "அடுத்த மாசம் முட்டைக்கு வந்துரும் அண்ணாச்சி" என்றார் விற்றவர்.

காலை பத்து மணிக்கு, கோழிகள் மேய்ந்துகொண்டிருந்த இடத்துக்கு நட்டநடுவில் போய்ப் பையைத் திறந்தேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளையை வகுப்பில் கொண்டுபோய் விடுகிற வாத்தியார் மாதிரி, "எல்லாரும் ஒற்றுமையா இருக்கணும்" என்று வாய்விட்டு வேறு சொன்னேன். கருப்பி தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் வெள்ளையைப் பார்த்தாள். அடுத்த நொடி அதன் முதுகின்மேல் இருந்தாள். ஒருத்தி தொடங்கியதும் மற்ற நான்கும் சேர்ந்துகொண்டன. நான் சேவலைப் பார்த்தேன். சேவல் வேறு பக்கம் பார்த்தது.

நான் விலக்கிவிடுவதற்குள் வெள்ளையின் கொண்டையில் ரத்தம். முதுகில் ஒரு கை அகலத்துக்கு இறகே இல்லை. வேணிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. சின்ன வயதில் எனக்கு எங்கே அடிபட்டாலும் அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடுவாள். சுளுக்குக்குப் போட்டாளா, புண்ணுக்குப் போட்டாளா என்பது மட்டும் சரியாக நினைவில்லை. அடுப்படியில் மஞ்சள்தூள் இருந்தது. மாமாவின் வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பு இருந்தது. இரண்டையும் தண்ணீர் விட்டுக் குழைத்தேன்.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன நிறம் வரும் என்பது ஆரத்தி எடுத்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கல்யாணத்தன்று எனக்கே எடுத்திருக்கிறார்கள். ஆனாலும் அந்த நேரத்தில் மூளை வேலை செய்யவில்லை. வெள்ளைக் கோழியின் தலையிலும் முதுகிலும் செக்கச் செவேலென்று அப்பி, இனிமேல் சரியாகிவிடும் என்று நம்பிக்கையோடு மறுபடி வெளியே விட்டேன்.

சிவப்பைப் பார்த்தால் கோழி கொத்தும் என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். முதல்முறை வேண்டாவெறுப்பாகக் கொத்தியவைகூட இந்தமுறை ஓடி வந்து கொத்தின. வெள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினேன்.

மூன்று நாள் அது என் அறையிலேயே இருந்தது. ஆபீஸ் மீட்டிங்கில் நான் பேசும்போதெல்லாம் பின்னால் 'கொக் கொக்' என்றது. மேனேஜர் "உங்க லைன்ல ஏதோ சத்தம் வருதே" என்றார். "நெட்வொர்க் சரியில்ல சார்" என்றேன். வேணி மருத்துவமனையிலிருந்து வந்து புண்ணைக் கழுவி மருந்து போட்டாள். "அம்மாகிட்டக் கேக்கட்டா?" என்று தினமும் கேட்டாள். "வேண்டவே வேண்டாம், நானே சரி பண்ணிக் காட்டுதேன்" என்றேன். (பதற்றத்தில் எனக்கும் அவர்கள் ஊர்ப் பேச்சு வந்துவிடும்.)

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வேணி வீட்டில் இருந்தாள். வெள்ளை கொஞ்சம் தேறியிருந்தது. மூன்று நாளில் மற்ற கோழிகளின் கோபம் தணிந்திருக்கும் என்று கணக்குப் போட்டு வெளியே விட்டேன். அவர்களோ அதை முன்பின் பார்த்தே இராதது போல முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். புண் மறுபடி திறந்துகொண்டது. வெள்ளை கழுத்தைத் தரையோடு வைத்துப் படுத்துவிட்டது. ஓடக்கூட இல்லை.

அதைப் பார்த்ததும் எனக்கு ஆவேசம் வந்தது. கருப்பியை விரட்டினேன். அவள் ஓடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எகிறி என் தொடையில் கொத்தினாள். அப்புறம் முழங்காலில். அப்போதுதான் நான் ஓடினேன். ஓடிப்போய் பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் குடையோடு திரும்பி வந்தேன்.

சரியாக அந்த நேரத்தில் திருநெல்வேலியிலிருந்து வீடியோ கால். அதிகாலையில் குழந்தை பிறந்திருந்தது. அதைக் காட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். வேணி போனைப் பிடித்துக்கொண்டு, "சித்தப்பாவப் பாக்கியா, இந்தா பாரு" என்று கொல்லைப்புறம் வந்து என் பக்கம் திருப்பினாள்.

பிறந்து சில மணி நேரமே ஆன அந்தக் குழந்தை தன் சித்தப்பாவைப் பார்த்த முதல் காட்சி இதுதான். தலையில் ஹெல்மெட், இடுப்பில் அரைக்கால் சட்டை, கையில் விரித்த குடை, எதிரே ஒரு கறுப்புக் கோழி. வெள்ளை வந்த கதையையும் அதை மூன்று நாள் அறைக்குள் வைத்திருந்த கதையையும் வேணி போனில் படபடவென்று சொல்லிக்கொண்டிருக்க, நான் குடையால் மறித்துக்கொண்டே பின்னால் நகர்ந்தேன். பின்னால் தார்ப்பாயில் மாமா வத்தல் மிளகாய் காயப்போட்டிருந்தார். கால் வழுக்கி அதன்மேல் மல்லாந்து விழுந்தேன். எழுந்து, மிளகாய் பட்ட கையால் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்தேன். (ஆமாம், அதே கையால்தான்.)

நான் அலறிய அலறலுக்கு நடுவே, போனிலிருந்து இடி மாதிரி ஒரு குரல் வந்தது.

"ஏலே! ஏலே கூறுகெட்டவனே! குடையத் தூரப் போடுல!"

கண் எரிச்சலில் யார் என்றே புரியவில்லை. மாமாவின் குரல் இல்லை.

"அடிபட்டதப் புடிச்சு வீட்டுக்குள்ள வச்சா எப்படில சரியாவும்? திரும்ப வெளிய வந்தா அதுவளுக்கு அது புதுக்கோழிதானல! அடிச்சவளப் புடிச்சு அடைல! சொவத்துப் பக்கம் பஞ்சாரம் கெடக்கு பாரு, எடுத்துக் கருப்பி மேல கவுத்துல!"

கோழியை மூடி வைக்கிற மூங்கில் கூடைதான் பஞ்சாரம். வந்த நாளிலிருந்து அது அங்கேதான் கிடந்தது. நான் அதன்மேல் உட்கார்ந்து செருப்பு மாட்டுவேன். தடவித் தடவிப் போய் எடுத்தேன். கருப்பி, ஒன்றுமே நடக்காதது போல, சிதறிய மிளகாயைக் கொத்தித் தின்றுகொண்டிருந்தாள். அப்படியே கவிழ்த்தேன்.

"கவுத்துட்டியா? கல்லத் தூக்கி மேல வையி. அப்படியே வீட்டுக்கு அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போ, மத்ததுவ கண்ணுல படப்படாது. நாலு நாளைக்கு அங்கனயே கெடக்கட்டும், தீனி தண்ணி மட்டும் வையி. வெள்ளைக்கு வேப்பெண்ணெயில கரித்தூளக் கொழச்சுத் தடவு. செவப்பு வெளிய தெரியப்படாது. தீனிய ரெண்டு தட்டுல தள்ளித் தள்ளி வையி. முருங்கக் கொழையக் கயித்துல கட்டித் தொங்கவிடு, எம்பி எம்பித் திங்கட்டும், சண்டைக்கு நேரம் இருக்காது. வெளங்குதால?"

"சரிங்கத்தை" என்றேன்.

அப்போதுதான் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. போனில் மாமாவின் சத்தமில்லை, வேணியின் அக்கா சத்தமில்லை, குழந்தைகூட அழவில்லை. அத்தையின் முகம் திரையிலிருந்து சட்டென்று மறைந்தது. கால் துண்டிக்கப்பட்டது.

அத்தை சொன்னதை ஒன்றுவிடாமல் செய்தேன். மறுநாளே வெள்ளை எழுந்து தண்ணீர் குடித்தது. ஆனால் தினமும் காலையில் வேணிக்கு வரும் அத்தையின் போன் வரவில்லை. மூன்றாம் நாள் மாமா கூப்பிட்டார்.

"மாப்ள, ஒங்க அத்த பேசுனத மனசுல வச்சுக்கிடாதீங்க. மருமவனப் போயி ஏலேன்னுட்டமேன்னு ரெண்டு நாளா சரியாச் சாப்பிட மாட்டேங்கா."

என் அம்மா போன பிறகு என்னை அப்படி உரிமையோடு திட்ட யாரும் இருந்ததில்லை. அந்த 'ஏலே'யைத்தான் நான் இரண்டு நாளாக மனதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். அங்கே ஒருவர் அதற்காகச் சாப்பிடாமல் இருந்திருக்கிறார்.

முதல்முறையாக அத்தையின் நம்பருக்கே போன் செய்தேன்.

"அத்தை, நான்தான். கருப்பியை எப்ப வெளிய விடணும்?"

மெல்லிய குரலில், "நாளைக்குச் சாயந்தரம் தொறந்து விடுங்க" என்றார்.

"விடுங்க இல்லத்தை. தொறந்து விடுல."

போனில் ஒரு சிரிப்பு. மூன்று வருடத்தில் கதவுக்குப் பின்னாலிருந்துகூட நான் கேட்காத சிரிப்பு. "சவத்தப்பய, கண்ணு எரிச்சல் கொறஞ்சுதா?" என்றார். (அந்தப் பக்கத்தில் அது கொஞ்சல் என்று பிறகு வேணி சொன்னாள். சொல்லாவிட்டாலும் எனக்குப் புரிந்திருந்தது.)

மறுநாள் சாயந்தரம் கருப்பியைத் திறந்துவிட்டேன். பழைய மிடுக்கோடு தட்டுக்கு நடந்தாள். இதுவரை வாய் திறக்காத செவலைக் கோழி ஒன்று அவள் தலையில் நறுக்கென்று ஒரு கொத்து வைத்தது. நாலு நாளில் வீட்டு நிலவரம் மாறியிருந்தது. கருப்பி இரண்டடி பின்வாங்கி, கடைசியில் மிஞ்சியதைத் தின்றாள். வெள்ளையின் பக்கம் போகவே இல்லை. எனக்கு அவள்மேல்கூடக் கொஞ்சம் பரிதாபம் வந்தது. அவள் இல்லையென்றால் எனக்கு அத்தை ஏது?

போன மாதம் கழுகுமலையில் அந்தக் குழந்தைக்குக் காதுகுத்து. சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் அத்தை சொந்தக்காரப் பெண்களை வட்டமாக உட்காரவைத்து இந்தக் கதையை ஆரம்பித்தார். வருடத்துக்கு வருடம் கதை வளர்கிறது. இப்போது அதில் மூன்று கோழிகள் என்னைத் துரத்துகின்றன. மிளகாய் சட்டைக்குள்ளும் போய்விட்டது. நான் பொறுக்க முடியாமல் எட்டிப் பார்த்து, "அத்தை, அதெல்லாம் நடக்கவே இல்ல" என்றேன்.

"நீ சும்மா இருல. கண்ணு தெரியாம நின்ன பயலுக்கு என்ன நடந்துதுன்னு எப்படித் தெரியும்?"

மண்டபமே சிரித்தது. நான் சும்மா இருந்தேன். அம்மா சொன்னால் கேட்கத்தானே வேண்டும்.