பவுலின் கல்யாண அத்தியாயம்

பெண்டாட்டியைத் தாஜா செய்தாவது புத்தகத்தை முடித்துவிடுவது என்று கிளைட்டன் வாத்தியார் முடிவு கட்டினார்.

கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். கணக்குக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். அப்பேர்ப்பட்டவர்தான், உலகமே கொண்டாடிய மறைந்த தூத்துக்குடிக் கணித மேதை பவுலின் வாழ்க்கை வரலாற்றை எழுதக் கிளம்பினார். எல்லாம் எழுதியாச்சு, கல்யாண அத்தியாயம் மட்டும் காலி. அது இல்லாமல் அச்சடிக்க மாட்டோம் என்று பதிப்பகத்தார் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பவுலின் மனைவி அல்போன்சாவோ, இவர் போனால் டீ கொடுப்பார். புருஷனைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

அல்போன்சாவின் வீட்டில், தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பிய ஜெபக் கூட்டம் நடந்தது. போய்விட்டு வந்த வாத்தியாரின் மனைவி எமில்டா, முக்காட்டை எடுத்தபடியே புருஷனிடம் சொன்னாள்.

"அல்போன்சாக்கா இன்னைக்கு மனசுவிட்டுப் பேசுனாவ."

"என்ன சொன்னாவ?"

"அது பெரிய கதை. அடுப்படியில நின்னுக்கிட்டா சொல்ல முடியும்?"

மறுநாளே வாத்தியார் அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். தின்ன முந்திரி மக்ரூன் வாங்கிக் கொடுத்தார். எமில்டா, அவளுடைய அப்பா கொழும்புக்குத் தோணி ஓட்டிய கதையை ஆரம்பித்தாள்.

"ஏளா, விஷயத்துக்கு வா."

"வாரேன். முதல்ல இதைக் கேளுங்க."

கேட்டார். வேறு வழி? அடுத்த வாரம் மணப்பாட்டில் கடலோரச் சிலுவைக் கோயில். அங்கே மணலில் உட்கார்ந்து எமில்டா சொன்னாள்: "எனக்கு டீச்சர் டிரெயினிங்ல இடம் கிடைச்சுது. உங்களுக்குச் சமைக்க ஆளில்லைன்னு விட்டுட்டேன்."

பவுல் லண்டனில் எந்தக் கடையில் செருப்பு வாங்கினார் என்பது வாத்தியாருக்குத் தெரியும். இது தெரியாது. இத்தனை வருஷம் கேட்காமல் போனோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அத்தியாயம் அரித்தது.

"சரிளா, இப்பமாவது சொல்லு. அல்போன்சாக்கா என்னதான் சொன்னாவ?"

எமில்டா கடலைப் பார்த்தபடி சொன்னாள். "பவுல் அண்ணன் கணக்கு கணக்குன்னே இருந்துட்டு போய்ட்டாவளாம். ஒருநாள்கூட பக்கத்துல உக்காந்து பேசலையாம். எழுத ஒண்ணுமே இல்லைன்னாவ."

"அப்புறம் எதுக்குப் பெரிய கதைன்னே?"

"அதையும் அவியதான் சொல்லிக் குடுத்தாவ. 'இப்படிச் சொல்லிப் பாருளா, உன் வீட்டுக்காரராவது பக்கத்துல வந்து உக்காருவாரு. எனக்குத்தான் அந்தப் புத்தி அப்பம் வரலை'ன்னு அழுதாவ."