சொட்டுநீர்ச் சிங்கத்தின் புதுமனை புகுவிழா

வாடகைக்கு வீடு தேடும் இளைஞனுக்கு அறிவுரை சொல்ல எந்தக் காலத்திலும் ஆளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. குழாயைத் திறந்து தண்ணீர் வருகிற வேகத்தைப் பார். சுவரைத் தடவி ஈரம் இருக்கிறதா என்று பார். மாடி வீடென்றால் சித்திரை வெயிலில் போய்ப் பார், மார்கழியில் எல்லா வீடும் குளுகுளு என்றுதான் இருக்கும். எல்லாம் சரியான அறிவுரைதான். நானும் எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றை மட்டும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன்னால், உங்கள் தாய்மாமனுக்கு ஃபிளக்ஸ் கடையில் பழக்கம் உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

என் மாமாவுக்கு உண்டு. தேனி மாவட்டத்தில் எங்கள் கூடலூர்ப் பக்கம் காதுகுத்தானாலும் கல்யாணமானாலும் தெருமுக்கில் பேனர் நிற்காமல் பந்தியில் இலை விழாது. எங்கள் தெருவில் ஒருவர் டிராக்டர் வாங்கியதற்கு வாழ்த்து பேனர் வைத்தார்கள். அதில் டிராக்டர் சிறிதாகவும் வாழ்த்தியவர்கள் பெரிதாகவும் இருந்தார்கள். வாழ்த்தியவர்களில் நடுநாயகமாக, காதில் செல்போனை வைத்துக்கொண்டு நின்றவர் என் மாமா.

எனக்குத் தேனியில் வேலை கிடைத்திருந்தது. தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டுக் கொடுக்கும் ஒரு கம்பெனி. விடிவதற்குள் தோட்டத்தில் நிற்க வேண்டும். கூடலூரிலிருந்து பஸ் ஏறி நான் போய்ச் சேரும்போது விவசாயி வேலையை முடித்து, குளித்து, சாப்பிட்டு, தூங்கப் போயிருப்பார். மேலாளர் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "இந்த மாசக் கடைசிக்குள்ள தேனியில வீடு பாரு. இல்லேன்னா கூடலூர்லயே வேலை பாரு" என்று சுருக்கமாக முடித்துவிட்டார்.

வீடு கிடைத்தால்தானே? "கல்யாணம் ஆகலையா? கல்யாணம் முடிச்சிட்டு வாங்க, வீடு தர்றோம்" என்றார்கள் தேனியில். "முதல்ல தனியா ஒரு வீடு பாரு, பொண்ணு பாக்குறோம்" என்றார்கள் கூடலூரில். இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் பஸ்ஸில் தொங்கியே என் இளமை கழிந்துவிடும் என்று நினைத்தேன்.

கடைசியில் மாதம் முடியும் தறுவாயில் ஒருவர் இரங்கினார். ஓய்வு பெற்ற சர்வேயர். கீழே அவரும் மனைவியும். மாடி காலியாக இருந்தது. அந்த வீட்டைப் பார்க்கப் போனேன் என்பதைவிட, அவர் என்னைப் பார்த்தார் என்பதுதான் சரி. ஏற இறங்க அளந்தார். பிறகு கேட்டுக்குள் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு செவ்வகம் போட்டு, "வண்டி இதுக்குள்ள நிக்கணும்" என்றார். சக்கரம் கோட்டைத் தொடலாமா என்று கேட்டேன். (நக்கல் இல்லை, பயத்தில்தான் கேட்டேன்.) "தொடக்கூடாது" என்றார்.

அவருடைய கண்டிப்புக்குக் காரணம் இருந்தது. முன்பு குடியிருந்தவன் காலி செய்ய மறுத்திருக்கிறான்.

"சும்மா இல்ல தம்பி. உங்க வயசுக்கு எதுக்கு மாடி வீடு, என் பேருக்கு எழுதிக் குடுத்துருங்கன்னு என்கிட்டயே கேட்டான். கோர்ட்டுக்கு நடந்து நடந்து வீட்டை மீட்டேன். ஊரான் நிலத்தையெல்லாம் அளந்து குடுத்தவன் நான். என் வீட்ட அவன் அளந்துட்டான்."

"எனக்கு அப்படியெல்லாம் அளக்கத் தெரியாதுங்கய்யா" என்றேன். அந்த பதில் அவருக்குப் பிடித்திருந்தது. ஆள் ஒருவன், வண்டி ஒன்று, சுவரில் ஆணி கூடவே கூடாது என்று மூன்று கட்டளைகள் போட்டுச் சாவியைத் தந்தார். அம்மா வந்து பால் காய்ச்சுவார்கள் என்றதற்கு, "வரட்டும். வீட்டு ஆளுக மட்டும்" என்றார். "அம்மா, அப்பா, மாமா, அத்தை, நாலு பேருதாங்கய்யா" என்று நான் சொன்னேன். சத்தியமாக அப்போது எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

அன்று மாலை மாமா போன் செய்தார்.

"ஏலே மாப்ள, ஒன் போட்டோ நல்லதா ஒண்ணு அனுப்பு."

"எதுக்கு மாமா?"

"அனுப்புடான்னா. எல்லாம் நல்ல விசயத்துக்குத்தான்."

வீடு கிடைத்த அன்றே போட்டோ கேட்கிறார் என்றால் பெண் பார்க்கத்தான் என்று என் மூளை ஒரே தாவலில் முடிவு செய்துவிட்டது. பெண் போடியா, சின்னமனூரா என்பதில் மட்டும் கொஞ்சம் குழப்பம் இருந்தது. நண்பனிடம் கறுப்புக் கண்ணாடி இரவல் வாங்கினேன். அவனுடைய புல்லட்டையும் வாங்கினேன். ஒரு திராட்சைத் தோட்டத்துப் பந்தலுக்குக் கீழே வண்டியை நிறுத்தி, அதன்மேல் சாய்ந்து, கைகளைக் கட்டி, எங்கோ தொலைவில் எதிர்காலம் நிற்பதுபோல் பார்த்தேன். தோட்டக்காரர், "தம்பி, குலையில தலை இடிக்குது, தள்ளி நில்லுங்க" என்று சொல்லும்வரை அப்படியே நின்றேன். அந்தப் போட்டோவை மாமாவுக்கு அனுப்பிவிட்டு, ஒரு முகம் தெரியாத பெண் வெட்கப்படுவதைக் கற்பனை செய்தபடி தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரத்தில் பால் காய்ச்சுவதாக ஏற்பாடு. அம்மாவும் அப்பாவும் முதல் நாளே வந்துவிட்டார்கள். மாடியில் புது அடுப்பில் அம்மா பாலை ஏற்றியிருந்தார். பால் பொங்க வேண்டும், அதுவும் கிழக்குப் பக்கமாகப் பொங்க வேண்டும் என்று நாங்கள் மூவரும் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தபோது கீழே நாயனச் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமையில் யார் வீட்டிலோ கல்யாணம் போலிருக்கிறது என்று நினைத்து பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தேன்.

எங்கள் வீட்டு வாசலில் மினி லாரி நின்றது. கூடலூரில் எனக்குத் தெரிந்த உறவுக்காரர்களும், நான் இன்றுவரை யாரென்று கண்டுபிடிக்காத உறவுக்காரர்களும் அதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். தாம்பாளத் தட்டுகள், தேங்காய்கள், பன்னீர் திராட்சைக் கூடைகள். ஆளாளுக்குக் கையில் வண்ணக் காகிதம் சுற்றிய சுவர்க் கடிகாரம். (ஆணி அடிக்கவே கூடாத வீட்டுக்கு.) சர்வேயர் வீட்டுக் கேட்டின் இரு பக்கமும் குலை தள்ளிய வாழை மரங்களைக் கட்டிக்கொண்டிருந்தார் மாமா. கேட்டுக்கு வெளியே மாமாவின் லாரி, சுண்ணாம்புச் செவ்வகம் மாதிரி நாலு செவ்வக நீளத்துக்கு நின்றது.

அப்புறம்தான் தெருமுக்கைப் பார்த்தேன். அங்கே நான் நின்றேன்.

இரண்டு ஆள் உயரத்துக்கு, கறுப்புக் கண்ணாடியோடு, கைகளைக் கட்டிக்கொண்டு, எதிர்காலத்தைப் பார்த்தபடி நின்றேன். எனக்குப் பின்னால் நீச்சல் குளம் வைத்த மாளிகை. இரண்டு பக்கமும் சிங்கம். "வருக வருக. புதுமனை புகுவிழா. தேனி மாநகரில் சொந்த இல்லம் கண்ட எங்கள் குலக்கொழுந்து, சொட்டுநீர்ச் சிங்கம் தங்கபாண்டி" என்று மேலே கொட்டை எழுத்து. கீழே, கதவு எண்ணோடு சர்வேயர் வீட்டு முகவரி. ஓரத்தில் காதில் செல்போனோடு மாமா.

அந்தப் பேனருக்கு எதிரே, காலை நடை முடித்துத் திரும்பிய சர்வேயர் நின்றிருந்தார். ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு வேகமாக நடந்து வந்தார். வீடு போனால் வேலையும் போகும், நாளை திங்கட்கிழமை, மாதக் கடைசி.

நான் படியில் இறங்கி ஓடுவதற்குள் மாமா அவரைக் கேட்டில் மடக்கிவிட்டார். சந்தனக் கிண்ணத்தை நீட்டி, "வாங்கய்யா வாங்க. பக்கத்து வீடா? இருந்து சாப்புட்டுத்தான் போகணும்" என்றார்.

சர்வேயர் மாமாவைத் தாண்டிக்கொண்டு நேராகத் தன் வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது ஒரு பையை நெஞ்சோடு அணைத்திருந்தார். பையிலிருந்து வீட்டுப் பத்திரம் எட்டிப் பார்த்தது. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, இந்த வீடு யாரு வீடு?"

"உங்க வீடுதாங்கய்யா."

நாயனக்காரர் அந்த நேரம் பார்த்து மூச்சு வாங்க நிறுத்தியதால் என் பதில் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. கடிகாரத்தோடு நின்ற சனம் மாமாவைப் பார்த்தது.

நான் மாமாவை ஓரமாக இழுத்தேன். "வாடகை வீடுன்னு சொன்னேனே மாமா. எதுக்குச் சொந்த வீடுன்னு போட்டீக?"

மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏலே, வாடகை வீட்டுக்கு எவனாச்சும் பேனர் வைப்பானா? பேனர் வைக்கணும்னா சொந்த வீடாத்தான இருந்தாகணும்."

சர்வேயர் பக்கம் திரும்பிய மாமா, "அய்யா, பேனர்ல இருக்கது உங்க வீடே இல்லைங்கய்யா, நல்லாப் பாருங்க. அதுல நீச்சல் கொளமெல்லாம் இருக்கு" என்று சமாதானமும் சொன்னார்.

இதற்கிடையில் இன்னொரு பக்கம் வேறொரு விபரீதம் நடந்துகொண்டிருந்தது. சர்வேயரின் மனைவி வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் மனைவி, அதாவது என் அத்தை, அவர் கையில் வெற்றிலையைக் கொடுத்து விசாரித்துக்கொண்டிருந்தார்.

"கீழ்வீட்ல வாடகைக்கு இருக்கீகளா ஆத்தா?"

அந்த அம்மாள் தன் கணவரை ஒரு பார்வை பார்த்தார். "ஆமா. ரொம்ப வருசமா இருக்கேன். வீட்டுக்காரரு பயங்கரக் கண்டிப்பு. ஒரு ஆணி அடிக்க விட மாட்டாரு."

"இனிமே ஒண்ணும் கவலப்படாதீக. எங்க பையன் தங்கமானவன். நீங்க எத்தன ஆணி வேணுன்னாலும் அடிச்சுக்கங்க. நான் சொல்லிக்கிறேன்."

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சர்வேயர் சிரிக்கவில்லை. "பேனரு தெருவையே படிக்க வச்சிருச்சு தம்பி" என்றார். "நாளைக்கு இவனும் வீட்டப் புடுங்கிட்டான்னு சொல்லுவாக. எனக்கு இந்த வயசுல திரும்பக் கோர்ட்டுக்கு நடக்கத் தெம்பு இல்ல. சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிரு."

பையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். எனக்கு என் வேலை மறந்து, அந்த மனிதரை இப்படிப் பயமுறுத்திவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. "பேனரை இப்பவே கிழிச்சிருவோம்யா" என்றேன்.

"கிழிச்சா படிச்சவன் மறந்துருவானா? அதே எடத்துல, அதே அளவுல, இது யாரு வீடுன்னு தெரியணும்."

அளவு என்ற சொல் காதில் விழுந்ததும் மாமாவின் முகம் மலர்ந்தது. "அம்புட்டுத்தான? இத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல. மதியத்துக்குள்ள ரெடி பண்ணிரலாம். அய்யா, போட்டோ நல்லதா ஒண்ணு குடுங்க."

சர்வேயர் பையை நெஞ்சிலிருந்து இறக்கினார். "என் போட்டோவா?" என்றார்.

"பின்ன? வீட்டுக்காரரு நீங்கதான?"

அவர் உள்ளே போனார். நான் மூட்டை கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வெளியே வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. தலை படிய வாரியிருந்தது. தொண்டையைச் செருமிவிட்டு என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தம்பி, அந்தக் கறுப்புக் கண்ணாடி இருக்கா?"

இருந்தது. இன்னும் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. சுண்ணாம்புச் செவ்வகத்துக்குள் நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, அவரும் எதிர்காலத்தைப் பார்த்தார். மாமா போட்டோ எடுத்தார். அந்த நேரத்தில் மாடியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. யாருமே கவனிக்காத பால் அதுபாட்டுக்குப் பொங்கி, அடுப்பை நனைத்து, கிழக்கு மேற்கு பாராமல் எல்லாத் திசையிலும் வழிந்திருந்தது. அம்மாவுக்குப் பரம திருப்தி.

மதியம் புதுப் பேனர் வந்தது. மாளிகையும் நீச்சல் குளமும் சிங்கங்களும் அப்படியே இருந்தன. நடுவில் சர்வேயர். "இல்ல உரிமையாளர், நில அளவைச் சிங்கம்" என்று மேலே போட்டிருந்தது. கீழ் மூலையில், மாமாவின் செல்போனுக்கும் கீழே, பொட்டு அளவில் நான். "வாடகைக்குக் குடியிருப்பவர்: தங்கபாண்டி." மறுநாள் காலை பால்காரர் என்னை, "வாடகைக்குக் குடியிருப்பவர்தான?" என்று அடையாளம் கண்டுகொண்டார். மழையில் சாயம் போகும்வரை அந்தப் பேனரைக் கழற்ற சர்வேயர் சம்மதிக்கவில்லை. கடிகாரங்களைக் கீழே கொண்டுபோய் வைத்தோம். அவருடைய மனைவி ஒன்றை எடுத்து, கணவர் கண்ணெதிரிலேயே கூடத்தில் ஆணி அடித்து மாட்டினார்.

எனக்குக் கல்யாணம் முடிந்தும் நாங்கள் அந்த மாடியில்தான் இருந்தோம். போன வருடம்தான் பழனிசெட்டிபட்டியில் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டினேன். கூடலூருக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைத்தேன். வாங்கிப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"ஒன் வீட்டுப் புதுமனைக்குத்தான் அப்பவே வந்து கடிகாரம் குடுத்துட்டோமேப்பா. வருசத்துக்கு ஒருக்கா வைப்பியா?"

மாமாவும் அத்தையும் மட்டும் வந்தார்கள். பேனர் வைக்கவில்லையா என்று கேட்டேன். "நெசமாவே சொந்த வீடுதான, அதுக்கு எதுக்கு பேனரு?" என்றார் மாமா. பால் பொங்கி முடிந்த நேரத்தில் வாசலில் ஆட்டோ நின்றது. சர்வேயர், மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். கேட்டருகே நின்று வீட்டை மேலும் கீழும் அளந்துவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, இந்த வீடு யாரு வீடு?"

நான் பதில் சொல்வதற்குள் மாமா சந்தனக் கிண்ணத்தோடு முன்னால் போய்விட்டார்.

"வாங்கய்யா வாங்க. பக்கத்து வீடா? இருந்து சாப்புட்டுத்தான் போகணும்."